நீச்சல் உடுப்பு

இஞ்சாருங்கோ,

நோர்வே மழை தெரியும்தானே, பேர்கனில் இன்னும் விடவில்லை. கப்பலில் குளிர் எப்படி?

ஆரபிக்குத் தடிமன், மூக்கு ஓடுகிறது என்று போன வியாழன் பள்ளிக்கு எழுதி, நீச்சல் வகுப்பிலிருந்து மறித்துவிட்டேன். நீங்கள் புறப்பட்டதற்கு முதல்நாள் அவள் முதுகில் விழுந்த கோடுகள் இன்னும் மறையவில்லை. உங்கள் பெல்ட்டை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்று காலையும் அதே கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"எனக்குத் தடிமன் இல்லையே. ஏனம்மா பொய் எழுதுறீங்கள்?"

"டீச்சர் முதுகைப் பாத்தா பிள்ளையளை அடிக்கினமோ எண்டு விசாரிக்க அரசாங்க ஆக்கள் வீட்டுக்கு வந்திடுவினம். அப்பா பாவமெல்லே, பிள்ளை."

"அப்ப நான் பாவமில்லையோ?"

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீச்சல் உடுப்பை நானே மடித்து அவளுடைய பையில் வைத்தேன். கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவள் தண்ணீரில் இருப்பாள். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுப்பேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா