வாரேன் என்று சொல்லாமல் போனவர்கள்

3 ஜூலை 2025, வியாழன்

நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோவையிலிருந்து கருமத்தம்பட்டி வரும் வரை மகன் கிருபாசங்கர் காரை மாடு நடக்கிற வேகத்தில் ஓட்டினான். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் என்று நினைக்கிறான்.

வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: தென்னைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொள்கிறது. குழாயை வெட்டி எறியாமல், உள்ளே சின்னக் கம்பி வலையை விட்டு விரித்து வைக்கிறோம். தண்ணீர் ஓடுகிறது. இதயக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட்டும் அவ்வளவுதான் பிள்ளைகளே. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "மறுபடி அடைச்சுக்கிட்டா சார்?" என்று கேட்பான்.

கேட்க ஆளில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "ஒரு மாசத்துக்குப் போன் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்கிறாள் என் மனைவி சின்னாத்தாள். என்னிடம் டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லையே.

5 ஜூலை

மணிக்கட்டில் குழாய் விட்ட இடம் கத்தரிக்காய் நிறத்தில் கிடக்கிறது. எழுத்து கோணுகிறது.

நாச்சியம்மாள் இன்னும் வந்து பார்க்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவிநாசி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? மனைவியைக் கேட்டால், "அம்மணிக்குக் கால் வீங்கிக் கெடக்குதுங்களாம். படி எறங்க முடியிலையாமா" என்கிறாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். நிமிரவில்லை.

கால் வீங்கினால் என்ன, மாப்பிள்ளை நஞ்சுண்டன் ஒரு நடை வந்திருக்கலாம். கோபம்தான் வருகிறது.

6 ஜூலை

உப்பில்லாத ரசம். கோபப்படவும் தெம்பில்லை.

8 ஜூலை

பெரிய மாமா மகன் வெள்ளியங்கிரியும் அவர் மனைவியும் ஆரஞ்சுப் பையோடு வந்தார்கள். முன்னறையில் சின்னாத்தாளோடு வெகுநேரம் தணிந்த குரலில் பேச்சு. பிறகு என் கட்டிலுக்கு வந்து, "வாத்தியாருக்கு என்னுங்க, கல்லாட்டம் இருக்கறீங்க" என்று சிரித்தார். அவர் மனைவியின் கண்கள் சிவந்திருந்தன.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். போய்விட்டார்கள். "வாரேனுங்க" என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஒரு வீட்டுப் படி இறங்க மாட்டார்கள். இழவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது.

மறந்திருப்பார்.

10 ஜூலை

இன்றும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இருவருமே சொல்லவில்லை.

ஒருமுறை நடந்தால் தற்செயல், திரும்பத் திரும்ப நடந்தால் அதற்குக் காரணம் ஒன்று உண்டு என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். டாக்டர் இவர்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். எனக்கு நாள் முடிந்துவிட்டது. வருகிறவர்கள் இப்போதே துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

கிருபாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "வெள்ளியங்கிரி வாரேன்னு சொல்லாமப் போயிட்டாருடா."

மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "மறந்திருப்பாருங்கப்பா. நீங்க படுங்க."

அட, என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நானென்ன கொழந்தையா? சாகப்போறவன் நானு. எனக்குத்தான மொதல்ல தெரியோணும்!

11 ஜூலை

சின்னாத்தாளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அழுதாள். எனக்காகத்தான் அழுகிறாள். தேற்றினேன். வேறென்ன செய்ய?

13 ஜூலை, ஞாயிறு

கரீம் கோட்டைமேட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். "அடுத்த பெருநாளைக்கு உங்களுக்குப் பிரியாணி கெடையாதுங்க சார். நோம்புக் கஞ்சிதான்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் சிரித்தேன்.

கிளம்பும்போது, "அப்ப நான் வர்றேனுங்க சார்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. "நீங்க ஒருத்தர்தான் கரீம் வர்றேன்னு சொன்னீங்க. நெசத்தச் சொல்லுங்க. எனக்கு எத்தன நாள்னு சொன்னாங்க?"

"என்னங்க சார் இது? உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. அவங்கெல்லாம் உங்களுக்காகவா..." நிறுத்திவிட்டார். வாசலில் வைத்தே கிருபா அவரை எச்சரித்திருக்கிறான். கதவோரம் நின்ற சின்னாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நாச்சி போயிட்டாளுங்க."

எனக்கு ஸ்டென்ட் வைத்த மறுநாள். நான் ஐசியூவில் கிடந்தபோது. மாரடைப்பு. பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான் கொண்டுபோய்ப் போர்த்தியிருக்க வேண்டும். கிருபா போர்த்தியிருக்கிறான்.

ஒன்றை எழுதியாக வேண்டும். கரீம் "உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்ற அந்த நொடியில் உடம்பு முழுவதும் லேசாயிற்று. நானில்லை, நானில்லை என்று. அதை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மூச்சு முடிவதற்குள் அவள் பெயர் வந்துவிட்டது.

14 ஜூலை

நாச்சி.

16 ஜூலை

ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "ரெண்டு சாவ ஒரே வாரத்துல பாக்கறக்கு எனக்குத் தெம்பில்லீங்க" என்றாள் சின்னாத்தாள்.

27 ஜூலை, ஞாயிறு

டாக்டர் சரி என்ற பிறகு அவிநாசி போனோம். நஞ்சுண்டன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சொன்னத நம்பிப்போட்டனுங்க மச்சா. தாடையப் புடிச்சுக்கிட்டு வேர்த்துப்போயி உக்காந்திருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். 'கேஸுங்க, சோடா வாங்கியாங்க. அண்ணனே அங்க கெடக்கறாங்க, எல்லாரும் அங்க ஓடறாங்க, இப்பப் போயி நான் வேறயா'ன்னா. வெடியறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

தாடை வலி, வியர்வை. எனக்கு வந்த அதே நோவு. என்னைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளிருந்தது. அவளிடம் சோடா இருந்தது.

நஞ்சுண்டனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்க எதற்கும் ஓர் உதாரணம் சொன்னவன். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் எழுந்தேன். கேட் வரை வந்து நின்றுவிட்டேன். பழக்கம்தான். "வாரேன் நாச்சி" என்றால் "நில்லுங்கண்ணா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். தேங்காயோ முறுக்கோ ஒரு பையில் போட்டு எடுத்து வராமல் அவள் விட்டதில்லை. கிருபா கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஏறிக்கொண்டேன்.

வழியில் சின்னாத்தாள் கேட்டாள், "நெஞ்சு ஒண்ணும் பண்ணுலீங்களே?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். உண்மைதான். நன்றாக வேலை செய்கிறது.