கை மாறாத பை

அம்மையார்குப்பம்
12.1.2025

அன்புள்ள துர்காவுக்கு,

பிரபாவதி எழுதுவது. இங்கே நலம். புனே குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கினாயா, இல்லை இன்னும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் திரிகிறாயா?

போன் போட்டால் எடுப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. என் அண்ணன் வீட்டில் நாலு தறி ஓடுகிறது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்திச் சொல்கிற சமாசாரமா நம்முடையது? அதனால்தான் கடிதம். பதிலை வீட்டுக்குப் போடாதே, அண்ணி பிரித்து ஊருக்கே வாசித்துக் காட்டுவாள். திருத்தணி மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் விற்கிற சின்னம்மாள் அக்கா கடைக்குப் போடு. அவளுக்கு எழுத்தும் தெரியாது, வம்பும் தெரியாது.

இப்போது மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு போனார்கள். நான்தான் பையில் போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மாதாமாதம் கிருத்திகை என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய், ஆஸ்பத்திரி வரிசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்ற காலம் போய்விட்டது. முதலில் நீ போனாய். இப்போது வரிசையும் போய்விட்டது.

ஆனாலும் மாதாமாதம் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டில் கேள்வி வரும். போன கிருத்திகைக்குப் போய், சாமி கும்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் நம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆலோசனை சொல்கிற ஷாலினி மேடம் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னிக்கு உங்களுக்கு மாத்திரை இல்லையே?" என்றார். "கால் வலிங்க" என்றேன்.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினால் நாம் தெரியாதவர்கள் என்ற நம் சட்டம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டு ஆட்களோடு எதிரெதிரே வந்தால் முகம் பார்க்கக் கூடாது. கையிலிருக்கிற பையை மறு கைக்கு மாற்றினால் ‘பார்த்துவிட்டேன், நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். போன வாரம் பஜாரில் ஒருத்தி பையைக் கை மாற்றினாள். எனக்கு நெஞ்சு குதித்தது. அவளுக்குக் கை வலி போலிருக்கிறது.

இன்னொரு சேதி. எங்கள் ஊர்த் தறிகளைப் பழுது பார்க்கிற தணிகைமணி, மனைவியை இழந்தவர், அண்ணனிடம் வந்து என்னைக் கேட்டிருக்கிறார். அண்ணன், "அவ முருகனுக்கு நேர்ந்துகினவப்பா. தனித் தட்டு, தனிப் பாய். அவகிட்ட போயி இதெல்லாம் கேக்க முடியுமா?" என்று அனுப்பிவிட்டார்.

அது எப்பேர்ப்பட்ட விரதம் என்று உனக்குத்தானே தெரியும். என் வீட்டுக்காரர் காமாலையில் போனதாக ஊர் நம்பிக்கொண்டிருக்க, எனக்கும் எச்.ஐ.வி. என்று சொன்ன அன்று, அண்ணன் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் தட்டைத் தனியாக எடுத்தேன். அண்ணி ஏன் என்றாள். வாயில் முருகன் பேர் வந்தது. அன்றிலிருந்து நான் மஞ்சள் புடவைச் சாமியார். இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்னிடம்தான் திருநீறு கேட்டு வருகிறார்கள்.

அவரை அனுப்பிவிட்டார்கள் என்றதும் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். பிறகு தறிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி.

உன்னைத் தவிர இதைச் சொல்ல ஆள் இல்லாத,
பிரபா

*

புனே
9.2.2025

சாமியாரம்மா திருவடிகளுக்கு,

துர்காவின் கும்பிடு. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது, பிறகு பக்கத்து அறைக்காரி வந்து ஏன் அழுகிறாய் என்று மராத்தியில் கேட்டாள். பள்ளிப்பட்டில் தமிழும் தெலுங்கும் பேசி வளர்ந்தவள் நான். இரண்டும் இங்கே செல்லாது.

அக்கா, கவனமாகப் படி. இந்த எச்.ஐ.வி. ஆராய்ச்சி நிலையத்தில் என் வேலை, பரிசோதனைக்கு வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது. அவர்களுக்கு டாக்டர் சொல்வது என் காதிலும் விழுகிறது. ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளைப் பல தேசங்களில் வருஷக்கணக்காகக் கவனித்திருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிப்போனவர்களிடமிருந்து, கூடப் படுப்பவருக்கு ஒருதரம்கூட ஒட்டவில்லை. கூடப் படுப்பவருக்கே ஒட்டாது என்றால் சோற்றுத் தட்டில் எங்கே ஒட்டும்? தட்டில் அது என்றைக்குமே ஒட்டியதில்லை. ஷாலினி மேடம் தலைபாடாக அடித்துக்கொண்டதை நீ எங்கே காதில் வாங்கினாய்?

இன்னும் கேள். நோய் இல்லாதவர்களுக்கு வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. ஆப்பிரிக்காவில் இளம்பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பரிசோதனையில் ஊசி போட்டுக்கொண்ட ஒருத்திக்குக்கூட வரவில்லையாம். நம்மைப் போன்றவர்களுக்கும் தினசரி மாத்திரைக்குப் பதிலாக அப்படி நீண்டநாள் ஊசி கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடியோடு தீர்க்கத்தான் இன்னும் வழியில்லை. மாத்திரையை விட்டால் அது மறுபடி எழுந்து உட்காரும், அதை மறக்காதே.

வருஷத்துக்கு இரண்டே தடவை ஆஸ்பத்திரி வந்தால் போதும் என்று ஒரு நாள் ஆகும் என டாக்டர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நடுவில் நம் பெஞ்ச் ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது. இங்கே வரிசையே கிடையாது அக்கா. ஆளுக்கொரு நேரம் கொடுத்து, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள். ரகசியம் காக்க நல்ல ஏற்பாடு. முறுக்கு தின்னத்தான் ஆள் இல்லை.

போய் உன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேள். தணிகைமணியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

உன் துர்கா

*

அம்மையார்குப்பம்
20.4.2025

அன்புத் துர்காவுக்கு,

கேட்டேன். ‘கிருமி கண்டறியப்படவில்லை’ என்றார் ஷாலினி மேடம். போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தானாம். "நான் அப்பவே சொன்னேனேக்கா" என்கிறார். சொல்லியிருப்பார். எனக்கு அன்று காது அடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் மகள் கவிப்பிரியா பிரசவத்துக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். அன்று சாயங்காலம் கரண்ட் போய்த் தறி எல்லாம் நின்றது. அந்த அமைதியில் குழந்தை வீரிட்டு அழுதது, பக்கத்தில் யாரும் இல்லை. தூக்கிவிட்டேன் துர்கா. தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். அது என் கழுத்தெல்லாம் எச்சில் பண்ணிவிட்டு அடங்கியது. இந்த வீட்டில் நான் தொட்டுத் தூக்கிய முதல் உயிர் அது. கவிப்பிரியாவைக்கூட அவள் சின்னவளாக இருந்தபோது நான் தூக்கியதில்லை.

அண்ணி ஓடி வந்து, "ஐயோ, விரதம்!" என்றாள். "முடிஞ்சிடுச்சு அண்ணி" என்றேன். வேறென்ன சொல்ல? அன்று ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தேன். அண்ணன் மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

கூத்து அதோடு போகவில்லை. விரதம் முடிந்த சேதி நாலு தெரு தாண்டியது. தணிகைமணி மறுபடி வந்து நின்றார், இந்தத் தடவை நேராக என்னிடமே. "நேர்ந்துகினது முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு..." என்று கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார். ஒளிந்துகொள்ள இருந்த ஒரே விரதத்தையும் நானே கலைத்துவிட்டேன். ஆடி வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லாமல் கட்டிக்கொள்ள மாட்டேன். சொன்னால் போய்விடுவார். என்ன செய்யட்டும்?

பிரபா

*

புனே
11.5.2025

பிரபாக்கா,

சொல்லு. வீட்டில் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஷாலினி மேடத்தின் முன்னால் சொல்லு. தணிகைமணி கேட்க நினைப்பதையெல்லாம் அங்கேயே கேட்கட்டும். தன் ரத்தத்தையும் பார்த்துக்கொள்ளட்டும்.

போய்விட்டால்? போகட்டும், நான் இருக்கிறேன். எனக்கும் ஒருத்தன் இருந்தான், உனக்குத் தெரியும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்’ என்று போனவன்தான். ஆனால் அன்று என் ரத்தத்தில் கிருமி இருந்தது, கையில் ஒரு பதிலும் இல்லை. உன் கையில் இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு லீவு சொல்லிவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நீ சிரித்தாலும் அழுதாலும் பக்கத்தில் இருப்பேன். முறுக்கு வாங்கி வை.

துர்கா

*

அம்மையார்குப்பம்
6.7.2025

அன்புத் துர்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை கிழித்தேன் என்று கேட்காதே.

நீ சொன்னபடியே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நம் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். எழுந்து போனார். போனது ஷாலினி மேடத்தின் அறைக்கு. ரொம்ப நேரம் கழித்து வந்து, "உனக்கு மாத்திரை எப்ப போடணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். தன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஆடி வரைக்கும் காத்திருக்க மாட்டேன் என்று ஆனியிலேயே மலையில் தாலி கட்டிவிட்டார். அண்ணன் மொட்டைத் தலையோடு நின்று அழுதார்.

என் தட்டிலேயே கை போட்டுச் சாப்பிடுகிறார் துர்கா. ராத்திரி மாத்திரை நேரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்.

உனக்குச் சொல்லி அனுப்பவில்லையே என்று நினைப்பாய். அதைத்தான் எழுத வரவில்லை. "நோவுக்கு நான் பயப்படல. ஊரு வாய்க்குத்தான் பயப்படறேன். அந்தப் புனே பொண்ணு சகவாசம் வேணாம். அவ வேலையே அந்த நோவுக்காரங்களோடதான். எங்கனா ஒருத்தன் பார்த்துட்டா உன் பேரு, உங்கண்ணன் பேரு, அந்தக் கொழந்த பேரு வரைக்கும் போயிடும். இந்த ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்" என்றார். கத்தவில்லை, கெஞ்சினார். கத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. உன்னால் கிடைத்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு உன்னை வெளியே நிறுத்துகிறேன். ஆனாலும் அந்தத் தட்டை மறுபடி தனியாக எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு அவரோடு வருவேன். டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள். இனி எழுத மாட்டேன்.

பிரபா

*

திருத்தணி, சின்னம்மாள் அக்கா கடை
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

டிக்கெட்டை மாற்றவில்லை. முதலில் கோபத்தில்தான் மாற்றவில்லை. நேரே வந்து அவர் முன்னால் நின்று, ‘நான்தான் அந்தப் புனே பொண்ணு’ என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நேற்று மலைப்படியில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள், நான் ஏறிக்கொண்டிருந்தேன். மஞ்சள் புடவை இல்லாமல் உன்னை முதல் தடவையாகப் பார்க்கிறேன். பச்சை உனக்கு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறாய். காவடிக் கூட்டம் இடித்துத் தள்ளியதில் என் கோபம் எந்தப் படியில் விழுந்ததோ தெரியவில்லை. நம் சட்டப்படி நான் என் பையைக் கை மாற்றினேன். நீ பார்த்துவிட்டாய்.

உன் வலது கையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் பார்க்க, விரல்களைக் கோர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். இடது கையில் பை. நீ என் பையைப் பார்த்தாய், உன் பையைப் பார்த்தாய், அவர் கையைப் பார்த்தாய். மாற்ற வேண்டுமானால் அந்தக் கையை விட வேண்டும். நீ விடவில்லை.

விடாதே அக்கா. எத்தனை வருஷம் யாரும் தொடாத கை அது. நான் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்குக் கஷ்டமாக இல்லை என்று எழுதினால் பொய். புனேயில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. உன் கடிதம் வரும் என்பதற்காகவே தபால்காரரோடு மராத்தி கற்றுக்கொண்டேன். இனி அவரோடு என்ன பேசுவேன்?

இதைச் சின்னம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அடுத்த மாத்திரைக்கு வரும்போது நீ கேட்டால் கொடுப்பாள். கேட்காவிட்டால் அடுப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். பதில் வேண்டாம். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதே. முறுக்குப் பொட்டலம் ஒன்று வைத்திருக்கிறேன், அது கெட்டுப்போவதற்குள் சின்னம்மாள் அக்கா தின்றுவிடுவாள், பரவாயில்லை.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் நம் பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறேன். ஷாலினி மேடம் கேட்டால் கால் வலி என்று சொல்லிக்கொள்கிறேன்.

துர்கா