ஒலி நின்ற பாட்டு

அன்புள்ள உங்களுக்கு,

இல்லை, நான் சொல்லவில்லை. என் அம்மா நடிகையாக இருந்தவள் என்பதை உங்கள் வீட்டில் மறைக்கச் சொன்னீர்கள். மறைத்தேன்.

வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டி டென்ட் கொட்டகைக்கு அத்தைதான் என்னையும், இங்கே வந்து தங்கியிருக்கும் என் அம்மாவையும் அழைத்துப் போனார். என்ன படம் என்று கேட்காமல் போய்விட்டோம். திரையில் இருபது வயது அம்மா! யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பாட்டு தொடங்கியதும் ஒலி நின்றுவிட்டது. படம் மட்டும் ஓடியது.

"சவுண்டு இன்னாடா ஆச்சு?" என்று கத்தலும் விசிலும் பறந்தன.

மணலில் என் அருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்று பாடினாள். மைக் இல்லாத நாடக மேடையில் பழகிய குரல், கடைசி பெஞ்சு வரை போனது. திரையில் இருந்தவள் மூச்சு விட்ட இடத்தில் இவளும் விட்டாள். கூட்டம் அடங்கிவிட்டது. இத்தனை வருடம் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாள்?

அத்தை என் கையைப் பிடித்தார். "இன்னாடி, நம்ம சம்பந்தியம்மாவா அது? இவங்களையா நேத்து மாவாட்ட உட்டேன்!"

டிரங்குப் பெட்டியின் அடியில் போடச் சொன்னீர்களே, அம்மாவின் நாடகப் புகைப்படம், அதை இன்று காலை கூடத்தில் மாட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி