கேப்பைக் குச்சி ஐஸ்

2091, சித்திரை 20. காலை. வெளியே 51 டிகிரி.

எழுந்ததும் முதலில் ஐஸ் அச்சுகளைக் கழுவிக் கேப்பைக் கூழ் ஊற்றினேன். மோர், கருப்பட்டி, சிட்டிகை உப்பு. உடல் சூடு ஏறினால் பிள்ளைகளுக்கு வலிப்பு வருகிறது. அதற்கு மாத்திரையைவிட இது நன்றாகக் கேட்கிறது.

இந்த நிலத்தடி முகாமில் பதினான்கு பிள்ளைகள், காவலர் ஞானமுத்து, உணவு ஆய்வாளர் செண்பகவல்லியாகிய நான்; எல்லாருக்கும் நான் டீச்சர். எங்களைக் கடலோரத்துக்கு ஏற்றிப்போகும் வண்டி நாளை விடியலில் வரும்.

நேற்றைய முருங்கைக்கீரை ஐஸ் எடுபடவில்லை. பிள்ளைகளில் மூத்தவள் இசக்கி கேட்டாள்: "டீச்சர், இது ஐஸா, மாட்டுக்குப் போடுத தழையா?"

முற்பகல். 54 டிகிரி.

பக்கத்து முகாமில் காய்ச்சல். மருந்து மட்டும்தான் கேட்டார்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் பொட்டலம். "பச்சப்பிள்ளைய இருக்குத எடத்துக்கு வெறும் மருந்தோட போவவா?" என்றார் ஞானமுத்து. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு பெட்டி நிறைய ஐஸ் அடுக்கிக் கொடுத்தேன்.

நண்பகல். 57 டிகிரி.

ஞானமுத்து வாசலைத் தாண்டியதுமே பெட்டி சொட்டியிருக்கிறது. தெருவில் இருந்தவர்கள் ஈரத்தைப் பார்த்துவிட்டார்கள்.

வாசல் கேமராவில் ஆறு பேர். கடப்பாரையின் முதல் அடி ஞானமுத்துவின் முழங்காலில். விழுந்தும் அவர் பெட்டியை விடவில்லை. விரல்களை நசுக்கினார்கள். பிறகு தலையை. ரத்தத்தில் கிடந்த ஐஸை ஒருவன் துடைக்காமலே எடுத்துச் சப்பினான். சுடலை. இங்கே பால்மாவு மூட்டை இறக்கியவன். பிள்ளைகள் பெயரெல்லாம் அவனுக்குத் தெரியும்.

கேமராவை அணைத்தேன். அதற்குள் இசக்கி பார்த்துவிட்டாள்.

பிற்பகல். 58.

வெளிக்கதவு வளைகிறது. ஒலிபெருக்கியில் சுடலை:

"டீச்சரம்மா, கதவத் தொறங்க. நாங்க அந்தக் குளிருல கெடக்கணும், அவ்வளவுதான். எடம் பத்தலன்னா பிள்ளையள வெளிய விடுங்க."

வெளியே விட்டால் சின்னவர்கள் அரைமணி தாங்கமாட்டார்கள்.

நான் சொன்னது: "மொதல்ல தொண்டைய நனைச்சுக்கிடுங்க. ஐஸ் செஞ்சு தாரேன். கதவப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பின்னால் ஒருவன் சிரித்தான்: "லே, டீச்சரு நமக்கும் சத்துணவு போடுதாவலே."

இடிப்பது நின்றது.

அந்தி.

மாம்பழக் கூழ், தேங்காய்ப்பால். இனிப்பு தூக்கலாக. ஆறு அச்சு. கிடங்கு எலிகளுக்கு வைத்திருந்த, தின்று சற்றுக் கழித்தே கொல்லும் மருந்து முழுவதையும் கரைத்துவிட்டேன். தினசரிக் கூழைப்போலவே கட்டி தட்டாமல் கலக்கினேன். அதுதான் பயமாக இருக்கிறது. அவர்களைத் தாகம் இப்படி ஆக்கியது, தெரியும். ஞானமுத்துவின் விரல்கள் கண்ணிலேயே நிற்கின்றன.

மறுபடி சுடலை:

"டீச்சரம்மா, நீங்கதான் வெளிய கொண்டாரணும். எங்க முன்னால நின்னு மொதல்ல நீங்க ஒண்ணு தின்னு காட்டணும். முழுசா. தப்பா நெனைக்காதிய."

"சரி" என்றேன்.

ஏழாவது அச்சையும் நிரப்பினேன். அதே கலவை. மருந்து சேர்க்காவிட்டால் நிறம் கொஞ்சம் மாறும், கண்டுபிடித்துவிடுவான்.

நான் போனதும் உள்கதவைத் தாழிடுவது, வெப்பமானி வைப்பது, கூழுக்கு எவ்வளவு உப்பு, எல்லாம் இசக்கிக்குக் காட்டினேன். "எதுக்கு டீச்சர் இப்பம்?" என்றாள். "வண்டி வார வரைக்கும் நீதான பெரியவ" என்றேன்.

ஐஸ் இறுகிவிட்டது. முழுசாகத் தின்பேன். இசக்கியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சுடலை கூப்பிடுகிறான்.