ராகு காலத்துக்கு முன் ஒரு அப்டேட்

அன்புள்ள அம்மாவுக்கு, மதியழகனின் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வெள்ளிக்கிழமை, இந்த நாட்டில் நம் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூத்து. அங்கே பில் போடும் கணினிகளில் நாங்கள் போட்டுக் கொடுத்திருப்பது, ஓயாமல் புது மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும் லினக்ஸ் என்ற மென்பொருள். சோதிக்காமல் அப்டேட் போட்டால் காலை வாரிவிடும் என்று என் முதலாளி தவசீலனிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "ராகு காலத்துக்கு முன்னால முடிச்சிரு லா" என்றார். முடித்தேன். திரைகள் எல்லாம் கறுத்துவிட்டன. சாப்பிட்டு முடித்த கூட்டம் பணத்தோடு நிற்கிறது, இவரோ, "ராகு காலத்துல கை வைக்காதடா!" என்று கத்துகிறார்.

வைத்தேன். கோளாறான ஒரு மென்பொருளை மட்டும் பழைய பதிப்புக்குத் திருப்பினேன், திரை வந்தது. கடைக்காரரிடம் முதலாளி சொன்னது: "இந்தியாக்காரப் பையன், அவசரப்பட்டுட்டான் அண்ணே."

சாயங்காலம், வளைகாப்புக்கு ஊருக்கு வர நான் வாங்கியிருந்த லீவை ரத்து செய்துவிட்டார். "நீ போயிட்டா இத யாரு பார்ப்பா?" பழி போட நான் இந்தியாக்காரன், லீவு கேட்டால் நான் இல்லாமல் வேலை நடக்காதாம்.

உங்கள் மருமகள் வெண்ணிலாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வளைகாப்பன்று போனில் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, என்னைக் கூப்பிட்டு, அவள் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாரும் பேச வேண்டாம். வளையல் சத்தம் கேட்டால் போதும்.

அதே கடையிலிருந்து போன் வருகிறது. போகிறேன்.

மதி