வத்தல் விலைக்குக் கீழே

கோவில்பட்டி

அன்புள்ள அண்ணன் அசாருதீனுக்கு, தங்கை ஆசிபா எழுதுவது. நீ எந்த நாட்டில் இருந்தாலும் அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

இந்த இணையப் பக்கத்தின் மேலே வத்தல், உளுந்து, பாசிப்பயறு விலை இருக்கும். அதைத் தாண்டிக் கீழே இறங்கிப் படி. நம் கடைக்கென்று நீ வாங்கிப் போட்டுவிட்டுப் போன இணையப் பெயர்தான் இது. என்றாவது நீ அதைத் தட்டிப் பார்ப்பாய் என்று நினைத்தேன்.

உன்னோடு டைப்பிங் வேலைக்குப் போன புதூர் மாயகிருஷ்ணன், உங்களை அடைத்துவைத்த மோசடிக் கும்பலிடமிருந்து தப்பி வந்துவிட்டார். உங்களை அனுப்பிய ஏஜென்ட்டின் வீடு பூட்டிக் கிடக்கிறது. கடைக்கு வந்தவர் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டியே நின்றார். "போனப் பிடுங்கிட்டானுவ. முன்னால எப்பவும் கம்ப்யூட்டர்தான், ஆனா வீட்டுக்கு ஒரு எழுத்துத் தட்ட முடியாது. பின்னால ஆள் நிப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. படிச்சா விட்டுருவான், சொந்தமா செய்தி தட்டினா அடிப்பான்" என்றார். அசார் எப்படி இருந்தான் என்று அம்மா கேட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கடையின் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து லினக்ஸ் இயங்குதளம் போட்டேன். பக்கத்தைக் காட்ட வெப் சர்வர், பக்கத்தின் அடியில் உள்ள பெட்டியில் யாராவது எழுதி அனுப்பினால் அதைச் சேர்த்து வைக்க டேட்டாபேஸ், இரண்டுக்கும் நடுவே வேலை பார்க்க பி.எச்.பி. நிரல்மொழி. கல்லூரியில் படித்தது பாதி மறந்திருந்தது. முதலில் நான் எழுதிய நிரலே எழுத்தெழுத்தாகத் திரையில் வந்து நின்றது, சர்வரோடு பி.எச்.பி.யைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். பிறகு டேட்டாபேஸ் உள்ளே விடமாட்டேன் என்றது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். கேபிள் அய்யாத்துரை அண்ணாச்சி மாறாத இணைய எண் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

யார் வந்து பார்த்தாலும் சர்வரில் பதிவாகும். பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, இணையத்தில் பக்கம் பக்கமாகத் தேடி அலைகிற இயந்திரங்கள். ஆனால் மதியத் தொழுகை முடிகிற நேரத்தில் ஒருவர் வருகிறார். விலைகளை விட்டுவிட்டு, கடை வாசலில் அம்மா நிற்கிற படத்தைத் திறக்கிறார். போகிறார். மறுபடி வந்து அதையே திறக்கிறார். அவர் வருகிற இணைய எண்ணைப் பார்த்தால் ஒரு நாள் ஒரு நாடு, மறுநாள் வேறு நாடு; இடத்தை மறைக்கிறார்கள். போலீசில் காட்டினேன், இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அந்த நேரம் ஆனால் முகம் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். "ஏட்டி, இப்ப பாக்குதானா?" என்று கேட்கிறாள். இதில் கேமரா இல்லை என்றாலும் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொள்கிறாள். பெற்ற அத்தாவோ அந்தப் பக்கமே திரும்புவதில்லை. "உள்ள யாரோ மூச்சு விடுத மாதிரி இருக்கு, அத நிறுத்து" என்றார். மின்விசிறிச் சத்தம்தான் என்றேன். ஆனால் போன மழையில் கரண்ட் போய் அது நின்றபோது, முதலில் ஓடிவந்தவர் அத்தாதான். மறுநாளே பேட்டரி வாங்கி மாட்டினார்.

மழை இந்த வருடம் நன்றாக இருக்கிறது. கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. உளுந்து முளைத்துவிட்டது.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டேட்டாபேஸில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஆனால் சர்வர் பதிவில், அதே நேரத்தில், அதே படத்தைப் பார்த்த பிறகு, யாரோ "அனுப்பு" பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார்கள். பெட்டியில் எதுவும் எழுதாமல். வெறும் பெட்டி வந்தால் "செய்தியை எழுதவும்" என்று திருப்பி அனுப்பும்படி நிரலை எழுதியிருந்தது நான்தான். அதுவும் ஏதாவது இயந்திரமாக இருக்கலாம், ஆசை வைக்காதே என்கிறார் அண்ணாச்சி. இருக்கலாம். ஆனால் இயந்திரம் தினமும் இதே நேரத்துக்கு வந்து அம்மாவைப் பார்க்குமா?

நிரலில் அந்த வரியை எடுத்துவிட்டேன் அண்ணே. இனி வெறும் பெட்டியையும் டேட்டாபேஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். நீ ஒரு எழுத்தும் தட்ட வேண்டாம், அடி வாங்க வேண்டாம். அழுத்திவிட்டுப் போ. வெற்று வரியாக வந்தாலும் போதும், அதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

துஆவோடு,
உன் தங்கை
ஆசிபா