அம்மா துடைத்த சில்லு

ஓசூர்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள அனுவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் தங்கை வினோதா. அம்மா ஆனேக்கல் பக்கம் கன்னடப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத வராது என்று உனக்குத் தெரியும். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று சொல்லித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நானாகச் சொல்வதை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன், அக்கா. இனி பேசுவது அம்மா.

நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம் கண்ணு, நீ அந்த மலையூர்க் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பா இப்போது போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், முதுகு வலிக்கிறது என்கிறார், லீவு போடச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. மாடி வீட்டு ஃபகருன்னிசா உன்னை விசாரித்தாள், உம் பொண்ணு என்னமோ லைட்டு கண்டுபுடிக்கிறாளாமே, எங்க வீட்ல ஃபியூஸ் போயிடுச்சு, வந்து பாக்கச் சொல்லு சுமலதா என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். போன ஞாயிறு நீ போனில், சில்லு மேல ஒட்டுன படிகமே அந்த எடத்துல இல்லம்மா, தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு, எனக்கு ஒழுங்கா ஒட்டத் தெரியல, திங்கக்கெழம சார்கிட்ட என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்கே வந்துடறேன் என்று அழுதாயே. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. துடைத்தது நான்தான் கண்ணு.

தை மாதக் கடைசியில் நீ வந்தபோது, பெங்களூரில் பெரிய மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கத்தரிப்பூ நிறத்தில் நகமளவு சில்லு ஒன்றைக் குட்டி டப்பாவில் கொண்டுவந்தாய் அல்லவா. காலையில் நீ குளிக்கப் போன நேரம் டப்பா மேசைமேல் திறந்து கிடந்தது. பதினோரு வருஷமாகக் கம்பெனியில் கேமரா லென்ஸ் செக்கிங்கில் இருக்கிற கை சும்மா இருக்குமா, எடுத்து ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் செதிள் மாதிரி ஒரு பொட்டு. இந்த அழுக்கோடு என் பெண் அங்கே போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று, கண்ணாடி துடைக்கிற துணியில் ஸ்பிரிட் தொட்டு, லைனில் சொல்லிக்கொடுத்தபடி ஒரே பக்கமாக ஒரே இழுப்பு. பொட்டு போய்விட்டது. மூடி வைத்துவிட்டேன். உனக்கு ஓர் உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு முட்டை அதிகமாகப் போட்டேன்.

(அந்தச் செதிள்தான் நீ ஒட்டிய படிகம் என்று இந்த வாரம்தான் அம்மாவுக்குப் படம் போட்டுச் சொன்னேன், அக்கா. போரானும் நைட்ரஜனும் தேனடை அறைகள் போலக் கோத்த தாள்கள், ஒவ்வொன்றும் ஓர் அணு கனம். அதில் எங்கோ ஓரிடத்தில் கார்பன் அணு மாறி உட்கார்ந்திருந்தால், லேசர் பட்டதும் அந்த இடம் ஒவ்வொரு ஃபோட்டானாக ஒளி விடும் என்றேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ கொற இருக்கற எடந்தான் வெளிச்சமா, அதத்தானடி நாங்க ரிஜெக்ட்ல போடுவோம் என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.)

நாலு மாதமாக நீ உன் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். திட்ட வேண்டியது என் கையை. உன் வேலையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார் என்றாயே, அந்தப் பேராசிரியரிடம் திங்கட்கிழமை இதைக் காட்டு. என் தாயார் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டார் என்று சொல், வெட்கப்படாதே, அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். டப்பா எப்படித் திறந்தது என்று கேட்காதே, நானே திறந்தேன் என்று வைத்துக்கொள்.

(இது உண்மை இல்லை. திறந்தது நான். தொடாத, அம்மாகிட்டயும் சொல்லி வை என்று நீ முந்தின நாளே என்னிடம் சொன்னாய். அது நம் இருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்ற பெருமையில் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பள்ளி லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெங்களூரில் ஒன்றும் தெரியவில்லை என்று நீ சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம், வாய் திறக்கவில்லை. அத எழுதாத, படிக்கற புள்ள உம்மேல எதுக்குப் பழி என்கிறார் அம்மா. எழுதிவிட்டேன். நீ நன்றாகத்தான் ஒட்டியிருந்தாய், அக்கா.)

கோபம் வந்தால் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இரு, வேலையை மட்டும் விடாதே. நீ முதலில் உன் லேபில் பார்த்த வெளிச்சம் பொய் இல்லை, இன்னொரு செதிளிலும் அது கிடைக்கும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்தது நடந்து நூறு வருஷம் நன்றாக இரு. நீ எழுதிக் கொடுப்பதாகச் சொன்ன தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன் மன்னிப்பைக் கேட்டுக் காத்திருக்கும்,
அம்மா சுமலதா.
கைப்பட எழுதியது: வினோதா.

(தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. ஜன்னலோரம் வைத்துப் போனில் படம் எடுத்து அனுப்புகிறோம். ட்யூப்லைட் எரிந்தால் போனின் நிழல் எழுத்தின்மேல் விழுகிறது, அதனால் விளக்குகளை அணைத்துவிட்டோம்.)